24 அடிப் படகில் டிங்கியை எங்கே வைப்பது?

அண்ணாச்சி, 24 அடிப் பாய்ப்படகில் உவரியிலிருந்து தூத்துக்குடி போக, டிங்கியை (கரைக்குப் போய்வர உதவும் குட்டிப் படகு) பின்னால் கட்டி இழுப்பதா, கடையாலில், அதாவது படகின் பின்முனையில், தொங்கவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொங்கவிடுவதை மறந்துவிடுங்கள். சின்னப் படகுக்குக் கடையால் பாரம் ஆகாது. டிங்கிக்குள் 200 லிட்டர் தண்ணீர் ஏறினால் அதுவே 200 கிலோ. இழுப்பதும் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் வம்புதான். அந்தப் பாதையில் காற்றும் அலையும் பின்னாலிருந்து தள்ளும். டிங்கி சறுக்கி வந்து உங்கள் சுக்கானையே முட்டும்.

ரப்பர் டிங்கியாக வாங்கி, காற்றைப் பாதி இறக்கி, பாய்மரத்துக்கு முன்னால் கவிழ்த்துக் கட்டுங்கள். நங்கூரம் எடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள்.

அமைதியான கடலில் கொஞ்ச தூரம் என்றால் இழுக்கலாம், சரி. அப்போதும் டிங்கி மோட்டாரைக் கழற்றிவிட்டு, மிதக்கிற கயிறாகப் போடுங்கள். மூழ்குகிற கயிறு உங்கள் படகின் புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டால் யாராவது குதித்துத்தான் அறுக்க வேண்டும்.