ஊரில் அங்கன்வாடி இருக்கிறதே, தனியாகக் குழந்தைக் காப்பகம் எதற்கு?

அங்கன்வாடி நல்ல ஏற்பாடுதான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் 2 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத்தான் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்கிறது. சட்டப்படி மகப்பேறு விடுப்போ 26 வாரம். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரை அந்தப் பிள்ளையை யார் பார்ப்பது?

அடுத்தது நேரம். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போகும் அம்மா இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார். அங்கன்வாடி மாலைக்குள் பூட்டிவிடும். நடுவில் பிள்ளை பக்கத்து வீட்டில் இருக்கும், இல்லையென்றால் அக்காக்காரி பள்ளிக்கு மட்டம் போடுவாள். பாட்டி இருக்கும் வீடு கொடுத்துவைத்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பக வசதி வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்ற விதியை மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் கொண்டுவந்தது. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்களுக்கு அது எந்த விதத்தில் உதவும்? அவர்களுக்கு அரசுதான் செய்ய வேண்டும். கனடாவின் கியூபெக் மாகாணம் 1997இல் ஒரு நாளைக்கு 5 டாலர் என்று காப்பகக் கட்டணத்தைக் குறைத்தது. வேலைக்குப் போகும் தாய்மார் எண்ணிக்கை கூடியது. கர்நாடகத்தில் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஊராட்சிகளில் ‘கூசின மனெ’ என்ற குழந்தைக் காப்பகங்களைத் தொடங்கினார்கள்.

நம் ஊரிலும் கேட்கலாம். மே 1 கிராம சபையில், அங்கன்வாடியோடு சேர்த்துக் காப்பகம் வேண்டும், ஷிப்ட் முடியும்வரை அது திறந்திருக்க வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள்.