கொள்ளைநோயும் கொளுத்தப்பட்ட குடியிருப்பும்

கேள்வி: 2020-இல் கோயில் நடை சாத்தப்பட்டு, ஆடி மாதக் கூழ் வழிபாட்டையும் வீட்டோடு முடித்துக்கொள்ள நேர்ந்தபோது, "இப்படியும் ஒரு காலமா!" என்று என் மாமியார் வியந்தார். முற்காலக் கொள்ளைநோய்களின்போதும் மக்களை இவ்வாறு ஒதுக்கி வைத்தார்களா?
— வாசகி ஒருவர், சாட்ஸ்வொர்த்

பதில்: வைத்தார்கள், அம்மா. இன்று டுப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா துறைமுக நகரம், பிளேக் பரவிய ஊர்களிலிருந்து வருவோர் முப்பது நாள் வெளியே தங்கிய பிறகே உள்ளே வரலாம் என்று 1377-இலேயே சட்டம் செய்தது. முப்பது பின்னர் நாற்பதாயிற்று. நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்துதான் 'குவாரன்டைன்' பிறந்தது. நம் முன்னோருக்கும் இது புதிதன்று. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரோடு 'ட்ரூரோ' கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து சேர்ந்த சில நாட்களிலேயே கல்கத்தாவிலிருந்து வந்த 'பெல்வெடேர்' கப்பலில் காலரா இருந்ததால், அதில் வந்தவர்கள் கரையைக் கண்டும் ஊருக்குள் கால்வைக்க முடியாமல் தனியே நிறுத்திவைக்கப்பட்டார்கள்.

கேள்வி: 1904-இல் ஜோகன்னஸ்பர்க்கில் இந்தியர் வாழ்ந்த பகுதியை நோய்க்காகவே எரித்தார்கள் என்று தாத்தா சொல்வார். நோய்தான் காரணமா?
— வாசகர் ஒருவர், லெனேசியா

பதில்: நோய் உண்மை, காரணம் அது மட்டும்தான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 'கூலி லொக்கேஷன்' என்று அழைக்கப்பட்ட அப்பகுதியில் இந்தியர்கள் 99 ஆண்டுக் குத்தகைக்கு மனை வாங்கியிருந்தார்கள். துப்புரவைக் கவனிக்கத் தவறிய நகராட்சி, அந்த அழுக்கையே சாக்காகக் காட்டி இடத்தைக் கையகப்படுத்தும் உரிமையைப் பெற்றிருந்ததாகக் காந்தி தம் தன்வரலாற்றில் எழுதுகிறார். அவ்வாண்டு மார்ச்சில் நுரையீரலைத் தாக்கும் பிளேக் வந்தபோது, அது தொடங்கிய இடம் லொக்கேஷன் அன்று, ஒரு தங்கச் சுரங்கம். அங்கே வேலை செய்த 23 இந்தியர்கள்தான் ஒரு மாலை காய்ச்சலோடு தங்கள் இருப்பிடத்துக்குத் திரும்பினார்கள். காந்தியின் தோழர் மதன்ஜித் ஒரு காலி வீட்டின் பூட்டை உடைத்து அவர்களை அங்கே கிடத்தினார். காந்தியும் மருத்துவர் காட்ஃபிரேயும் சில இளைஞர்களும் இரவெல்லாம் கண்விழித்துப் பணிவிடை செய்தார்கள். நகராட்சி பிறகு ஒரு கிடங்கையும், பிராந்திப் புட்டியோடு ஒரு செவிலியையும் கொடுத்தது. அந்தச் செவிலியும் நோய்க்கு இரையானார்; நோயாளிகளில் இருவரே பிழைத்தார்கள்.

அதன் பின் குடியிருந்த அனைவரையும் பதின்மூன்று மைல் தொலைவிலிருந்த கிளிப்ஸ்ப்ரூட் வெட்டவெளிக்கு அனுப்பிக் கூடாரங்களில் தங்கவைத்துவிட்டு, லொக்கேஷனுக்குத் தீ வைத்தார்கள். நகராட்சி சந்தையிலிருந்த தன் மரங்களையும் எரித்தது என்பதை நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். அங்கே செத்த எலிகள் கிடந்தனவாம்.

வங்கிப் பழக்கமில்லாத நம்மவர்கள் செம்புக் காசையும் வெள்ளிக் காசையும் வீட்டுத் தரையில் புதைத்து வைத்திருந்தார்கள். புறப்படும் அவசரத்தில் அவற்றைத் தோண்டி எடுத்துக் காந்தியிடம் கொண்டுவந்து கொட்டினார்கள். ஏறக்குறைய அறுபதாயிரம் பவுண்டு சேர்ந்ததாக அவருக்கு நினைவு. பிளேக் பகுதிக் காசைத் தொட வங்கி ஊழியர்கள் அஞ்சுவார்கள் என்பதால், அவ்வளவையும் கிருமி நீக்கிய பிறகே வங்கிக்கு அனுப்ப முடிவாயிற்று.

தென்னாப்பிரிக்காவையே உலுக்கிய 1918 இன்ஃப்ளூயன்சாவில் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் இறந்த பிறகுதான், அடுத்த ஆண்டில் பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. 1904-இல் அப்படி எதற்கும் காத்திருக்கவில்லை, ஒரு தீப்பெட்டியே போதுமானதாக இருந்தது. லொக்கேஷனிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்களுக்குக் கிளிப்ஸ்ப்ரூட்டே நிலையான இருப்பிடமாக்கப்பட்டது. ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய இன்றைய சொவேட்டோ குடியிருப்பு அங்கிருந்துதான் தொடங்கியது.