நீங்கள் படித்த சூப்பர் ஹீரோ குழு காமிக்ஸில் மறக்க முடியாத இதழ் எது?

எனக்கு 'அட்வென்ச்சர் காமிக்ஸ்' 346ஆவது இதழ். 1966 ஜூலையில் வந்தது. 30ஆம் நூற்றாண்டில் நடக்கிற 'லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ்' என்ற குழுவின் கதை.

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் நான் படித்தது தமிழ் மீடியம். அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் மில் வேலை. சம்பள நாளில் உக்கடம் பழைய புத்தகக் கடையில் எதையாவது அள்ளிக்கொண்டு வருவார். அட்டை கிழிந்த இந்த இதழ் அப்படி வந்ததுதான். "பொம்மை பார்த்த மாதிரியும் ஆச்சு, இங்கிலீஷும் வரும் கண்ணு" என்றார். இங்கிலீஷ் வரவில்லை, அது வேறு கதை.

லீஜனில் சேர நாலு பேர் புதிதாக வருகிறார்கள். உடம்பையே இரும்பாக்கிக்கொள்ளும் ஃபெர்ரோ லேட், மாயத்தோற்றம் காட்டும் இளவரசி புரொஜெக்ட்ரா, எதிரி யாரோ அவனை வெல்லும் சக்தி தானாக வந்துவிடுகிற நெமெசிஸ் கிட். நாலாவது ஆள் கராத்தே கிட். அவனுக்கு எந்தச் சக்தியும் கிடையாது, வெறும் கையும் காலும்தான். பூமியைப் பிடிக்க வரும் வேற்றுக்கிரகப் படைக்கு இந்த நாலு பேரில் ஒருவர் உளவாளி. யார் என்று இந்த இதழ் சொல்லாது, அடுத்ததில்தான் வரும். அடுத்தது உக்கடத்தில் கிடைத்தால்தானே!

பக்கத்து வீட்டு மலையாளிப் பையனுக்கும் எனக்கும் பந்தயம். நான் கராத்தே கிட் என்றேன். சக்தியே இல்லாதவன் எதற்கு வந்தான்? சந்தேகம் அவன் மேல்தானே போகும்! அந்தப் பையன் நெமெசிஸ் கிட் என்றான். தோற்றவன் ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்கித் தர வேண்டும்.

கதையை எழுதிய ஜிம் ஷூட்டர் பற்றி ரொம்பப் பிறகுதான் தெரிந்தது. பிட்ஸ்பர்க்காரர், இதழ் வெளிவந்தபோது வயது 14. அவர் அப்பாவும் ஆலைத் தொழிலாளிதான், எஃகு ஆலை. வீட்டில் பணமுடை, அதனால் எழுதினார். ஸ்கிரிப்ட் எப்படி எழுதுவது என்று தெரியாததால் கட்டம் கட்டமாகப் படமே வரைந்து அனுப்பியிருக்கிறார். எட்டாவது படிக்கிற என்னை ஏமாற்றியதும் கிட்டத்தட்ட என் வயதுப் பையன்தான் என்று தெரிந்ததும் கொஞ்சம் ரோஷம்கூட வந்தது. (ஏழே இதழில், 353இல், ஃபெர்ரோ லேடைச் சாகவும் விட்டுவிட்டார். அந்த வயதில் என்ன தைரியம்!)

347ஐப் போன வருஷம்தான் போனில் படித்தேன். துரோகி நெமெசிஸ் கிட். அறுபது வருஷப் பழைய கதை, சொல்லிவிட்டதற்குத் திட்டாதீர்கள். உடனே அந்த நண்பனைக் கூப்பிட்டேன். இப்போது அவன் துபாயில்.

"ஞான் அன்னே பறஞ்ஞில்லே?" என்றான். அப்புறம் ஒரே கேள்வி: "கடலமிட்டாயி எவிடெ?"