அரசு மருத்துவராக வேலை பார்த்த பிறகு, அரசியல் பற்றிய உங்கள் எண்ணம் மாறியதா?

மாறியது. அரசியல்வாதிகள் மேல் வெறுப்பு கூடியிருக்கும் என்று நினைத்துக் கேட்டிருந்தீர்கள் என்றால், இல்லை. கொஞ்சம் குறைந்திருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சேவை செய்யவேண்டும் என்ற துடிப்பில் நான் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவில்லை. பி.ஜி. சீட்டுக்காகப் போனேன். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு மேற்படிப்பில் 50 சதவீத இடம் என்பது தமிழ்நாட்டில் பல வருட வழக்கம். கிராமத்துக்கு டாக்டர் வந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். நான் சேர்ந்தது 2017. அந்த வருடமே அந்த ஒதுக்கீடு பறிபோனது! 2020 ஆகஸ்டில்தான், அப்படி ஒதுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடுவில் அந்த மூன்று வருடமும் ஓ.பி.யில் உட்கார்ந்து ஊரைப் படித்தேன்.

முதல் வாரம் வந்தவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்துவிட்டு, "பெரிய டாக்டர் எப்ப வருவாரு?" என்றார்கள். மீதிப் பேர், "டாக்டரம்மாவுக்குச் சொந்த ஊரு எது?" என்றார்கள். ஊரைச் சொன்னால் அடுத்து எந்தத் தெரு என்று வரும். அவர்கள் தேடுவது தெருவை இல்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்றாவது கேள்வி மாத்திரை பற்றியது. "சும்மா குடுக்கிற மாத்திரை கேக்குமா? வெளிய எழுதிக் குடுத்துடுங்க." இதற்குப் பதில் சொல்லிச் சொல்லியே நான் அரசியலுக்குள் வந்துவிட்டேன் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அந்த மாத்திரை சும்மா வந்ததில்லை. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கிய பிறகு, மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் டெண்டர். மாவட்டக் கிடங்குக்கு வந்த மருந்தில் மாதிரி எடுத்து, கம்பெனி பெயரை மறைத்து, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் வெளியே வரும். எங்கள் நிலையத்துக்கு ஒரு பாஸ்புக் உண்டு. அதில் உள்ள தொகைக்குள் எங்களுக்கு வேண்டியதை நாங்களே எடுத்துக்கொள்ளலாம். ஒரு ஆட்சி ஆரம்பித்ததை அடுத்த ஆட்சி கலைக்கவில்லை. நம் ஊரில் அதுவே பெரிய விஷயம்.

கலைக்காதது மட்டுமில்லை, போட்டியும் போட்டார்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ல் 6,000, 2011-ல் 12,000, பிறகு 18,000. காப்பீட்டுத் திட்டம் 2009-ல் ஒரு பெயரில் வந்தது, 2012-ல் இன்னொரு பெயரில். பெயர் மாறும், அட்டையில் படம் மாறும், சிகிச்சை நிற்காது. 'இலவசம்' என்று நகரத்தில் என் நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். நானும் கல்லூரியில் செய்திருக்கிறேன். ரத்தசோகையோடு வரும் பெண் அந்தப் பணத்துக்காகவாவது பன்னிரண்டு வாரத்துக்குள் பெயர் பதிவு செய்ய வருகிறாள் என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு அந்தக் கிண்டல் எனக்கு வரவில்லை.

ஆனால் இதே அமைப்பு எங்களை என்ன செய்கிறது என்பதையும் சொல்லவேண்டும்.

தமிழ்நாட்டின் தாய் இறப்பு விகிதம் 2018–20 கணக்கில் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்கு 54. இந்தியாவுக்கு 97. இந்த 54-க்குப் பின்னால் இருப்பதில் ஒன்று, ஒவ்வொரு தாய் இறப்பையும் விடாமல் விசாரிப்பது. மாவட்ட ஆட்சியர் வரை போகும். நல்ல ஏற்பாடு, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் எழுந்து நிற்கவேண்டியவர் பெரும்பாலும் கடைசியாக யார் கையில் அந்தப் பெண் இருந்தாளோ அவர்தான். அதனால் எல்லோரும் கற்றுக்கொண்ட பாடம்: கடைசிக் கை நம் கையாக இருக்கக் கூடாது.

பக்கத்து நிலையத்தில் ஒரு டாக்டருக்கு மெமோ வந்த வாரம் அது. இரவு இரண்டு மணி. வலி சீராகப் போய்க்கொண்டிருந்த ஒரு பெண். ஹீமோகுளோபின் 9.6. ஸ்டாஃப் நர்ஸ், "இங்கேயே ஆயிடும் மேடம்" என்றார். அவர் பார்த்த பிரசவங்கள் நான் பார்த்ததைப் போல இருபது மடங்கு. நான் ரத்தசோகை என்று சீட்டில் எழுதி ஜி.எச்.சுக்கு ரெஃபர் செய்து 108-ல் ஏற்றினேன். பாதி வழியில், வண்டியிலேயே குழந்தை பிறந்தது. 108 டெக்னீஷியன்தான் பிரசவம் பார்த்தார். தாயும் சேயும் நலம். மறு வாரம் தடுப்பூசி போட வந்த மாமியார் கோபப்படவில்லை. "இங்கயே பாத்திருந்தா ஆயிருக்காதா டாக்டரம்மா?" என்று மட்டும் கேட்டார். ஆயிருக்கும்.

மாநிலத்தில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன் என்று 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தனியாரின் பணத்தாசை என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். அரசு மருத்துவமனைகளிலேயே அது நூற்றுக்கு 36. எங்களுக்கு அதில் பணம் இல்லை. பயம் இருக்கிறது.

பயத்தைக் குறைக்க இரவுக்கு இன்னொரு டாக்டர் இருந்தாலே போதும். புதுக் கட்டடம் திறந்த அன்று உள்ளூர்ப் பிரமுகர் ஒருவர், அந்தக் கட்டடத்துக்காக உண்மையிலேயே அலைந்தவர், "வேற என்னம்மா வேணும், சொல்லு" என்று கேட்டார். "ராத்திரிக்கு ஒரு டாக்டர் போஸ்டிங் வேணும் ஐயா" என்றேன். சிரித்துக்கொண்டே கல்வெட்டைக் காட்டினார். "அத இதுல எழுத முடியாதே." அவர் கெட்டவர் இல்லை. அவர் மருமகளுக்குப் பிரசவம் வேலூரில் தனியாரிடம் நடந்தது. பி.பி. மாத்திரை மட்டும் எங்களிடம் வாங்குவார். எங்கள் லேபர் வார்டில் இரவு யாருமில்லை என்பதால் அவர் வீட்டில் யாருக்கும் தூக்கம் கெடப்போவதில்லை. தூக்கம் கெடுகிற வீட்டுக்காரர்கள் அவரிடம் போய்க் கேட்பதில்லை.

என்னையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும். 2022-ல் எனக்கு சீட் கிடைத்தது, கிளம்பி வந்துவிட்டேன். என் இடத்துக்கு ஆள் வர எட்டு மாதம் ஆனதாக அந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒரு நாள் போனில் சொன்னார். சாப்பிட்டீங்களா மேடம் என்று கேட்டுவிட்டு, போகிற போக்கில்.