கார் கேள்வி–பதில்: முறிந்த ஸ்டட்டும் உப்புக் காற்றும்

கேள்வி: கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எங்கள் வீடு. ஏழு ஆண்டுகள் ஓடிய சிறிய காரின் முன்சக்கரம் பஞ்சரானபோது வீல் நட்டு அசையவில்லை. ஸ்பேனரின் மேல் ஏறி நின்றேன். நட்டு ஏறும் நான்கு ஸ்டட்டுகளில் (மரையிட்ட கம்பிகளில்) ஒன்று முறிந்துவிட்டது. மூன்று நட்டிலேயே ஓட்டலாம் என்கிறார் ஒரு மெக்கானிக். ஸ்டட்டுகள் பொருந்தியிருக்கும் ஹப்பையே (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) மாற்ற வேண்டும் என்கிறார் மற்றொருவர். இனிமேல் மரையில் எண்ணெய் தடவி வைக்கலாமா?
– வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: ஸ்டட் முறிந்தது நீங்கள் ஏறி நின்ற அன்றைக்கு என்றாலும், அது கெட்டது அந்தச் சக்கரத்தைக் கடைசியாக மாட்டிய நாளில்தான் என்று நினைக்கிறேன். நட்டை இறுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது; மீண்டும் சுருங்கப் பார்க்கும் அந்த விசைதான் சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. அளவுக்கு மீறி இழுத்துவிட்டால் நீண்டது நீண்டபடியே நின்றுவிடும். பிடியும் தளரும், பிறகு ஒரு நாள் முறியவும் செய்யும்.

சிறிய கார்கள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் இறுக்கம் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் (திருப்பும் விசையின் அளவு) வரை இருக்கும். உங்கள் காருக்கு உரிய எண்ணைக் கையேட்டில் பாருங்கள். 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 70 கிலோ எடையுள்ளவர் ஏறி நின்றால் 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடுகிறது. குழாயைச் செருகி நீளத்தை இரட்டிப்பாக்கினால் 400. கழற்றுவதற்கு ஏறி நின்றதை நான் குறை சொல்ல மாட்டேன். மாட்டும்போதும் அதையே செய்கிறோமே, அங்கேதான் தவறு. பஞ்சர் கடையில் ஏர் கன்னால் முடுக்கினால் எவ்வளவு ஏறியது என்று முடுக்கியவருக்கே தெரியாது. நட்டைக் கையால் ஓட்டி, சக்கரம் தரையைத் தொட்டதும் எதிரெதிர் நட்டுகளாக டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுகியது என்று காட்டும் ஸ்பேனர்) கொண்டு இறுக்கச் சொல்லுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியபின் (கடலூரிலிருந்து புதுச்சேரி போய்த் திரும்பினால் ஏறக்குறைய அவ்வளவுதான்) மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

எண்ணெய் வேண்டாம். நாம் திருப்பும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுக்கிறது. மற்றதெல்லாம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வில் போய்விடுகிறது. கையேட்டின் எண் உலர்ந்த மரையை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டது. எண்ணெய் தடவி அதே எண்ணுக்கு இறுக்கினால் உராய்வில் மிச்சமாகும் விசையும் ஸ்டட்டின் மேல் ஏறி, குழாய் செருகி இறுக்கியதைப் போன்ற கேட்டையே செய்யும். ஜன்னல் கம்பியே பொரிந்து உதிரும் ஊரில் இந்த ஆசை வருவது இயல்புதான். அதற்குப் பதிலாக 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றும்போதும், ஐப்பசி மழைக்கு முன்னரும், மரையையும் ஹப்பின் முகத்தையும் கம்பி பிரஷால் தேய்த்துத் துடைக்கச் சொல்லுங்கள். சக்கரத்தின் நடு ஓட்டை ஹப்பில் உட்காரும் விளிம்பில் மட்டும் விரல் நுனியளவு கிரீஸ் பூசலாம். ஹப்பும் சக்கரமும் ஒன்றையொன்று தொடும் முகத்தில் பெயின்ட் அடிக்கக் கூடாது. பெயின்ட் நசுங்கினால் இறுக்கம் குறைந்துவிடும்.

இப்போது உங்கள் காருக்கு வருவோம். மூன்று நட்டோடு பக்கத்துப் பட்டறை வரை மெதுவாகப் போகலாம், சென்னைக்குப் போகக் கூடாது. ஹப்பின் ஓட்டை அகன்று ஸ்டட் நட்டோடு சேர்ந்து சுற்றினால்தான் ஹப்பை மாற்ற வேண்டும். மற்றபடி முறிந்த துண்டைப் பின்பக்கமாக வெளியேற்றிப் புதியதைச் செருகினால் போதும். சில கார்களில் பின்னால் இடமில்லாததால் ஹப்பைக் கழற்ற நேரும், அந்த மெக்கானிக் ஒருவேளை அதைச் சொல்லியிருக்கலாம். சுத்தியலால் ஓங்கி அடித்தால் அடி வீல் பேரிங்கில் இறங்கும். பிரஸ்ஸில் (அழுத்தும் இயந்திரத்தில்) வைத்துத் தள்ளுவதே நல்லது. புதிய ஸ்டட்டை இழுத்து உட்கார்த்த வாஷர்களின் மேல் ஒரு பழைய நட்டைத் திருப்பிப் போட்டு முடுக்குவார்கள். ஸ்டட்டின் தலை ஹப்பின் பின்புறம் இடைவெளியின்றி ஒட்டிவிட்டதா என்று விளக்கு அடித்துப் பாருங்கள். இல்லையென்றால் வண்டி ஓட ஓட அது உள்ளே இறங்கி நட்டு தளர்ந்துவிடும்.

மற்ற மூன்று ஸ்டட்டுகளிலும் புதிய நட்டு ஒன்றை விரலால் ஓட்டிப் பாருங்கள். துடைத்த பிறகும் பாதியில் நின்று பிடித்தால் அந்த ஸ்டட் நீண்டுவிட்டது என்று பொருள். என் யோசனை, அந்தச் சக்கரத்தில் நான்கையும் மாற்றிவிடுங்கள். அவையும் அதே கையால் இறுக்கப்பட்டவைதானே.

கேள்வி: ஹோண்டா சிட்டிக்கு வெளிக்கடையில் அலாய் வீல் வாங்கினேன். காரோடு வந்த பழைய நட்டுகளையே போடலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கூடாது. ஹோண்டாவின் நட்டு உட்காரும் பகுதி உருண்டையாக இருக்கும். வெளியில் விற்கும் அலாய் வீல்களில் பெரும்பாலானவற்றின் குழி கூம்பு வடிவம். உருண்டை, கூம்பில் ஒரு மெல்லிய கோடாக மட்டுமே படும். எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. அதற்குரிய கூம்பு நட்டுகளை வாங்குங்கள். உங்கள் ஸ்டட் 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.5 மில்லிமீட்டர். நட்டு குறைந்தது ஸ்டட்டின் விட்டமளவு ஏற வேண்டும். ஆகவே சக்கரத்தை வைத்தபின் நட்டு எட்டுச் சுற்றாவது ஏற வேண்டும்; அதற்குக் குறைந்தால் சக்கரத்தின் தடிமனுக்கு ஸ்டட்டின் நீளம் போதவில்லை. பழைய நட்டுகளை எறிந்துவிடாதீர்கள், டிக்கியில் இருக்கும் இரும்பு ஸ்டெப்னிக்கு அவைதான் பொருந்தும்.

கேள்வி: என் போலோ காரில் ஸ்டட்டே இல்லை, நீண்ட போல்ட்டுகள்தான் வருகின்றன. இது குறையா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: குறை அல்ல, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா கார்களின் அமைப்பே அப்படி. 14 மில்லிமீட்டர் போல்ட், இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர். சக்கரத்தைத் தொங்கவிட ஸ்டட் இல்லாததால் மாட்டுவதுதான் தொல்லை: அதே மரையுள்ள நீண்ட கம்பி ஒன்றை மேல் ஓட்டையில் திருகி, அதன் வழியே சக்கரத்தை நழுவவிட்டு, மற்ற போல்ட்டுகளைக் கையால் ஏற்றியபின் கம்பியை எடுத்துவிடுங்கள்.