முதலில் தபால் பெட்டியில் பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 26. சொந்த ஊர் திருச்சி. மென்பொருள் வேலை கிடைத்து, செப்டம்பர் கடைசியில் பெர்லினுக்கு வந்தேன். இன்றோடு ஒன்பது நாட்கள் ஆகின்றன. நொய்க்கோல்ன் பகுதியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். அறையை விட்டவரும் அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவர்தான். "இந்த முகவரியில் நீ பதிவு செய்யக் கூடாது, அதனால்தான் வாடகை குறைவு" என்று சாவி கொடுத்த பிறகு சொல்கிறார். அலுவலகத்திலோ பதிவுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கல்லூரித் தோழி ஒருத்தி, தான் குடியிருக்கும் வீட்டு முகவரியில் பெயருக்குப் பதிந்துகொள்ளச் சொல்கிறாள். போன ஞாயிறு கடைகள் எல்லாம் மூடியிருந்தன. இரவு பதினோரு மணிக்கு மிக்சியில் சட்னி அரைத்தேன். மறுநாள் கதவில் கீழ்வீட்டுக்காரர் ஒட்டிய சீட்டு. கைபேசியில் மொழிபெயர்த்துப் படித்துவிட்டு அழுதேன். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தினமும் இரவு எட்டு மணிக்கு வீடியோவில் வந்து, ஊரில் இருக்கும் என் அம்மாவிடம் பொய் சொல்கிறேன். திரும்பி வந்துவிடலாமா?

— பெயர் வேண்டாம், பெர்லின்

அன்பு மகளுக்கு,

திரும்பி வரலாமா என்பதைக் கடைசியில் பேசுவோம். முதலில் அந்த முகவரி விவகாரம். உன் கண்ணீரில் முக்கால் பங்கு அங்கிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் அந்த முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அன்மெல்டுங் என்பார்கள். வீடு கொடுத்தவர் 'இவர் இங்கே குடிவந்திருக்கிறார்' என்று ஒரு தாளில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். 2015 நவம்பரிலிருந்து இது அவருடைய சட்டக் கடமை, உனக்குச் செய்யும் உபகாரம் இல்லை. உனக்கு அறை விட்டவர் தானே வாடகைக்காரர் என்றாலும் அவரே கையெழுத்திடலாம். பிறகு ஏன் மறுக்கிறார்? பெரும்பாலும், உன்னை உள்வாடகைக்கு வைத்திருப்பது வீட்டு உரிமையாளருக்குத் தெரிந்திருக்காது. அவருடைய பயத்துக்கு நீ விலை கொடுக்கிறாய். வாடகை குறைவு என்பதெல்லாம் சும்மா.

அவரிடம் ஒருமுறை எழுத்தில் கேள். மறுத்தால் சண்டை வேண்டாம். அந்த அறையைத் தற்காலிகத் தங்குமிடமாக மட்டும் வைத்துக்கொண்டு, பதிவுக்கு இடம் தரும் அறையைத் தேடத் தொடங்கு. நிலைமையை நாளைக்கே அலுவலகத்தின் மனிதவளப் பிரிவில் சொல்லிவிடு. வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களுக்கு இது பழகிய கதை. பதிவு செய்ய அனுமதிக்கும் குறுகிய கால வாடகை வீடுகள் எங்கே கிடைக்கும் என்பது அவர்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். அறையை நேரில் பார்க்கும் முன்பு முன்பணம் கேட்பவன் எவனாக இருந்தாலும் அவனோடு பேச்சை முடித்துக்கொள். முன்பணமும், வெப்பத்துக்கும் தண்ணீருக்கும் சேர்க்கும் தொகை நீங்கலான வாடகையில் மூன்று மாத அளவைத் தாண்டக் கூடாது.

தோழியின் யோசனையை அன்போடு மறுத்துவிடு. குடியிருக்காத வீட்டில் பெயருக்குப் பதிவு செய்வது சட்டத்துக்குப் புறம்பானது. முகவரியை இரவல் கொடுப்பவருக்கு 50,000 யூரோ வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அந்தத் தொகையை யாரும் உடனே வந்து வசூலிக்கப் போவதில்லைதான். ஆனால் உனக்கு உதவ வந்தவளை அந்த இடத்தில் நிறுத்த வேண்டுமா?

நல்ல முகவரி கிடைத்ததும், சில நேரம் கிடைக்கும் முன்பேகூட, பியூர்கர்ஆம்ட் என்னும் குடிமக்கள் அலுவலகத்தில் நேரம் முன்பதிவு செய். பெர்லினில் இதற்கு இடம் கிடைப்பது தீபாவளி ரயில் டிக்கெட் மாதிரி. நொய்க்கோல்ன் அலுவலகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதே, நகரின் எந்த அலுவலகத்திலும் பதியலாம். ரத்தாகும் இடங்கள் காலையில் இணையத்தில் தலைகாட்டும். 115 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். இரண்டு வாரம் தாண்டிவிடும் போலிருந்தால், தேதி வாங்க முயன்றதற்கான சான்றைக் கையில் வைத்திரு. படிவத்தில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று குறித்தால் வருமான வரியின் மேல் 9 சதவீதம் தேவாலய வரி சேரும் என்பதைத் தெரிந்துகொண்டு எழுது.

பதிவு முடிந்தால் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அது இல்லாமல் போனால் நிறுவனம் உன்னை ஆறாம் வரிப் பிரிவில் வைக்க நேரிடலாம். அதில் சம்பளத்தில் பெரும் பகுதி வரியாகப் பிடிபடும். பின்னால் சரிசெய்துவிடுவார்கள் என்றாலும், புது ஊரில் முதல் சம்பளம் வெட்டுப்பட்டு வருவது யாருக்கும் பிடிக்காது.

இப்போது இந்தக் கடிதத்திலேயே முக்கியமான சங்கதி. பெர்லின் அடுக்குமாடிகளில் வீட்டுக் கதவுகளுக்குப் பொதுவாக எண் கிடையாது. முன்கட்டு, பின்கட்டு என்று இருபது முப்பது குடும்பங்கள் இருக்கும், தெரு முகவரி ஒன்றுதான். தபால்காரர் பார்ப்பது தபால் பெட்டியில் உள்ள பெயரை மட்டும். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வரி எண், வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை என எல்லாம் இன்னும் காகிதத்தில் தபாலாக வரும் நாடு அது. 'கடிதம் வரவே இல்லை' என்று மாதக்கணக்கில் அலுவலகங்களோடு மல்லுக்கட்டும் நம் பிள்ளைகளில் பலருக்கு நோய் இதுதான். நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கும், கடிதங்கள் அவர் பெயருக்கே வரும். ஆகவே உன் பெயர், அப்பா பெயர் இரண்டையும் எழுதி, தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டு. அச்சடித்த பலகை வரும்வரை வெள்ளைக் காகிதமும் ஒட்டும் நாடாவும் போதும்.

இனி அந்தச் சீட்டு. நம் ஊரில் கதவில் யாராவது எழுதி ஒட்டினால் அது பகை. அங்கே அப்படி இல்லை. நேரில் வந்து முகம் சுளிப்பதைவிட எழுதிவைப்பது மரியாதை என்று நினைப்பவர்கள் நிறைய. இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம். ஞாயிறு முழுவதுமே சத்தம் தரும் வேலைகளுக்கு விடுமுறை. துளையிடுவது, கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் போடுவது எல்லாம் அதில் சேரும். ஞாயிறு ஓய்வுக்கு ஜெர்மானிய அரசியல் சாசனமே பாதுகாப்புத் தருகிறது. அதனால்தான் கடைகளும் மூடியிருந்தன. சனிக்கிழமையே வாங்கி வை. மறந்துவிட்டால் தலைமை ரயில் நிலையத்துக் கடைகள் திறந்திருக்கும். கீழ்வீட்டுக்காரருக்குப் பதில் சீட்டு எழுத வேண்டாம். ஒரு மாலை மணியடித்து, "புதிதாக வந்திருக்கிறேன், நேரம் தெரியவில்லை, மன்னியுங்கள்" என்று சொல். ஆங்கிலத்தில் சொன்னால் போதும். அவர் சிரிக்காமல் தலையாட்டினாலும் மனதில் போட்டுக்கொள்ளாதே, பெர்லின்காரர்களின் முகம் அப்படித்தான்.

ரயிலில் எச்சரிக்கையாக இரு. நிலையங்களில் தடுப்புக் கதவு இல்லை என்பதால் டிக்கெட் பார்க்க ஆள் இல்லை என்று நினைத்துவிடாதே. சாதாரண உடையில் பரிசோதகர்கள் வருவார்கள், காகித டிக்கெட்டில் முத்திரை குத்தாமல் ஏறினாலும் 60 யூரோ அபராதம். இரவில் உடம்பு சரியில்லை என்றால் மருத்துவருக்கு 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 112.

ரொட்டியும் ஜாமும் தின்று காலம் தள்ளுகிறாயோ என்று ஒரு சந்தேகம். நீ இருக்கும் பகுதியிலேயே மைபாக்ஊஃபர் கால்வாய்க் கரையில் செவ்வாயும் வெள்ளியும் துருக்கிச் சந்தை கூடும். வெண்டைக்காய், கத்தரிக்காய், கட்டுக் கட்டாகக் கொத்தமல்லி எல்லாம் அங்கே கிடைக்கும். யு7 ரயிலில் ஏறி பிளாஷ்கோஅலே நிலையத்தில் இறங்கினால், பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயில். ஈழத் தமிழர்கள் கட்டியது. நகரம் இரண்டாகப் பிரிந்திருந்த 1980களில் அவர்களில் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குள் வந்து அடைக்கலம் கேட்டவர்கள். அவர்கள் பட்டதைச் சொல்லி உன் கஷ்டத்தைச் சிறிதாக்க மாட்டேன், அது அநியாயம். அந்த நகரத்தில் அலுவலகத் தாள்களோடு நாற்பது வருடம் பழகிய தமிழர்கள் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். சாமி கும்பிட்டுவிட்டு உடனே கிளம்பாதே. யாராவது "பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்பார்கள். அறை தேடுவதையும் அப்போதே வாய்விட்டுச் சொல்.

திரும்பி வரலாமா? வரலாம், அதில் வெட்கம் இல்லை. அங்கே தகுதிகாண் காலம் ஆறு மாதத்துக்கு மேல் போகாது. அதற்குள் இரண்டு வார முன்னறிவிப்பில் நீயே விலகலாம், பொதுவாக ஒப்பந்தத்திலும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள், படித்துப் பார். கதவு திறந்தே இருக்கிறது என்பதால் இந்த வாரமே முடிவெடுக்கத் தேவையில்லை. பதிவு முடிந்து, முதல் சம்பளம் வந்து, அதன் பிறகும் அந்த வேலை பிடிக்கவில்லை என்றால் எனக்கு எழுது. வேறு விதமாகப் பேசுவோம். ஒரு மோசமான அறைக்காக நல்ல வேலையை விடாதே.

உன் அம்மாவிடம் அறை விஷயத்தைச் சொல்லிவிடு. ஒன்பது நாளாக உன் முகத்தை வீடியோவில் பார்ப்பவளுக்குப் பாதி தெரிந்திருக்கும். நீ இரவு எட்டு மணிக்குப் பேசத் தொடங்கும்போது திருச்சியில் பதினொன்றரை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள், அதன் பிறகு நள்ளிரவு பன்னிரண்டரை ஆகிவிடும். மதிய உணவு இடைவேளையில் அழைத்தால் அவளுக்குக் காபி நேரம். கால் மணி நேரம் பேசு, மிச்சமிருக்கும் மாலையில் வெளியே நட. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும்.