13ஆம் அத்தியாயத்தில் படுத்துக்கொண்ட நாவல்: பணம் கட்டினால் எழுந்துவிடுமா?

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதுகிறேன். 12 அத்தியாயம், சுமார் 38,000 சொல் ஆகியிருக்கிறது. 13ஆம் அத்தியாயம் நகர மாட்டேன் என்கிறது. உட்காரும்போதெல்லாம் முதலிலிருந்து படித்துத் திருத்துவதிலேயே நேரம் போய்விடுகிறது. முதல் அத்தியாயத்தை மட்டும் பதினோரு தடவை மாற்றியாயிற்று. தினம் 1,000 சொல் எழுதினால் முடிந்துவிடும் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நான்கு நாளுக்கு மேல் தாங்கவில்லை. இப்போது ஒருவர், "இருப்பதை அனுப்புங்கள், ஆள் வைத்து முடித்து, புத்தகமாகவும் போட்டுத் தருகிறோம், பாதித் தொகை முன்பணம்" என்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அந்த ஆளுக்குப் பிறகு வருகிறேன், அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் 13ஆம் அத்தியாயம்.

நாவல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் படுத்துக்கொள்ளும். ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே கொண்டுவரும்வரை அந்த வேலையே கதையை இழுத்துக்கொண்டு போகும். எல்லாரும் வந்து சேர்ந்ததும் அவர்கள் ஏதாவது செய்தாக வேண்டும். அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் எழுதுகிறவரும் சும்மா உட்கார வேண்டியதுதான்.

உங்கள் நாவலுக்கு அதுதான் நோயா என்று பார்க்க ஒரு தாள் போதும். கடைசி ஐந்து காட்சிகளை ஐந்து வரியாக எழுதுங்கள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ‘அதனால்’, ‘ஆனால்’, ‘அப்புறம்’ என்ற மூன்றில் எது உண்மையாகப் பொருந்துகிறதோ அதைப் போடுங்கள். மொத்தம் நான்கு இடைவெளி. அதில் இரண்டு ‘அப்புறம்’ வந்தாலே சிக்கல்தான்.

‘சரசுவுக்குக் கடிதம் வருகிறது. அப்புறம் அண்ணன் வருகிறான். அப்புறம் பக்கத்து வீட்டில் சண்டை.’ இதில் எந்த ஒன்றை உருவினாலும் மற்ற இரண்டும் அசையாமல் நிற்கும். ‘கடிதம் வருகிறது. அதனால் அண்ணன் கண்ணில் படாமல் பெட்டிக்குள் ஒளிக்கிறாள். ஆனால் அவன் பயணத்துக்குக் கேட்பது அந்தப் பெட்டியைத்தான்.’ இங்கே நாலாவது காட்சியை நீங்கள் தேட வேண்டியதில்லை, அதுவே வந்து கதவைத் தட்டும். ‘அப்புறம்’ காட்சிகளை அழிக்கப் போகாதீர்கள், கிடக்கட்டும். 13இலிருந்து ‘அப்புறம்’ வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதோடு, நாவலின் கடைசிக் காட்சியை இரண்டு வாக்கியத்தில் எழுதி வையுங்கள்: யார் எங்கே இருக்கிறார்கள், எதை இழந்திருக்கிறார்கள். பின்னால் மாறலாம், தவறில்லை. முடிவே தெரியாமல் எழுதிப் பெரிய நாவலை முடித்தவர்கள் இல்லையா என்பீர்கள். இருக்கட்டும். உங்களுக்கு அந்த வழி மூன்று ஆண்டாக நடக்கவில்லை.

கணக்கு இப்படி. மொத்தம் 80,000 சொல் என்று வைத்தால் பாக்கி 42,000. காட்சி ஒன்றுக்கு 1,500 சொல் என்றால் 28 காட்சி. தாளில் 28 கோடு போடுங்கள். அடுத்த நான்கு காட்சிக்கு மட்டும் யாருக்கு என்ன வேண்டும், யார் தடுக்கிறார்கள், முடியும்போது எது மாறியிருக்கும் என்று மூன்று குறிப்பு. மற்ற கோடுகள் காலியாக இருந்தால் இருக்கட்டும்.

அந்த 1,000 சொல் விவகாரத்துக்கு வருவோம். இந்த எண் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் கணக்கிலிருந்து இறக்குமதியாகி, யாரும் அளந்து பார்க்காமல் வகுப்புக்கு வகுப்பு கைமாறிக்கொண்டிருக்கிறது. தமிழில் ‘போகவேண்டியிருந்தது’ ஒரே சொல். அதையே பிரித்து ‘போக வேண்டி இருந்தது’ என்று அடித்தால் கணினி மூன்று என்று எண்ணும். ஆங்கிலக்காரர் அதே பொருளைச் சொல்ல மூன்று நான்கு சொல் செலவழிப்பார். சேர்த்து எழுதும் பழக்கம் உள்ளவருக்கு 1,000 தமிழ்ச் சொல் என்பது அவர்களுடைய 1,000ஐவிட நன்றாகவே கனமான சுமை. நவம்பர் மாதத்தில் 50,000 சொல் என்ற நானோரைமோ சவால் 1999இல் தொடங்கியது. நாளுக்கு 1,667 சொல் கணக்கு. அந்த அமைப்பே 2025இல் மூடிக்கொள்வதாக அறிவித்துவிட்டது. நம் ஆட்கள் இன்னும் அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிற உங்களைப் போன்றவருக்கு 40 நிமிடம், 300 சொல், வாரத்துக்கு ஐந்து நாள். வாரம் 1,500, அதாவது ஒரு காட்சி. 28 வாரத்தில் கணக்கு முடியும். காய்ச்சல், விருந்தாளி, மனக்கசப்புக்கு ஆறு வாரம் சேர்த்து 34 வாரம் என்று நாட்காட்டியில் குறியுங்கள்.

தவறிய நாளின் 300ஐ மறுநாள் தலையில் ஏற்றக் கூடாது. வகுப்புகளில் இதைச் சொல்வதில்லை. நான்கு நாள் தவறினால் ஐந்தாம் நாள் 1,500 சொல் கடன் நிற்கும். அதைப் பார்த்ததும் கை கூசும், ஐந்தாம் நாளும் போகும். உங்களுடைய ‘நான்கு நாளுக்கு மேல் தாங்கவில்லை’ பெரும்பாலும் இந்த வட்டிக் கணக்குதான். போன நாள் போனதுதான். இன்றைக்கு 300.

நிறுத்தும்போது காட்சியை முடித்துவிட்டு நிறுத்தாதீர்கள். நடுவில் விடுங்கள். விடும் இடத்துக்குக் கீழே நாளைக்கான குறிப்பு மூன்று வரி: ‘பெட்டியைத் திறப்பதற்குள் சரசு சாவி தொலைந்தது என்பாள். அண்ணன் நம்ப மாட்டான். பூட்டை உடைக்கலாம் என்பான்.’ மறுநாள் இந்த மூன்று வரியை விரித்தாலே 150 சொல் தேறிவிடும்.

இனி உங்கள் பெரிய வியாதி, முதல் அத்தியாயத்துக்குத் திரும்புவது. அது வேலை செய்வது போலவே இருப்பதால்தான் ஆபத்து. கை நோகும், நேரம் போகும், சொல் எண்ணிக்கை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆந்தனி ட்ரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே 47 நாவல் எழுதினார். கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால்மணிக்கு 250 சொல் எழுதுவார் என்பதை எல்லாரும் சொல்வார்கள். தினமும் முதல் அரை மணி நேரம் படிப்பதில் போகும் என்றும், படிப்பது முந்தின நாள் எழுதியதை என்றும் அவரே தன் சுயசரிதையில் எழுதியிருப்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. நீங்களும் முந்தின நாள் பக்கத்தைப் படியுங்கள், ஐந்து நிமிடம். அதற்குமேல் பின்னால் போகக் கூடாது.

மன உறுதியை நம்பாதீர்கள், கோப்பு வைக்கும் முறையை மாற்றுங்கள். 12 அத்தியாயங்களையும் கணினியில் தனிக் கோப்புறைக்குள் போட்டு, படிக்க மட்டும் முடிகிற மாதிரி பூட்டுங்கள். இன்னொரு பிரதி கணினிக்கு வெளியே இருக்கட்டும். 13ஆம் அத்தியாயம் புதுக் கோப்பில் தொடங்கட்டும். முந்தைய அத்தியாயங்களில் திருத்த வேண்டியது ஞாபகம் வந்தால் ஒரு நோட்டில் ஒரு வரி: ‘அத். 3: அண்ணனுக்கு இடது கால் ஊனம் என்று சேர்க்கணும்.’ எழுதிவிட்டு, 13ஆம் அத்தியாயத்தில் அவன் ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருப்பதாகவே எழுதுங்கள்.

எழுதும்போது ஒரு தகவல் தெரியவில்லையா? வலையில் தேடப் போனால் அந்த 40 நிமிடமும் போச்சு. அந்த இடத்தில் ‘ஃஃ’ என்று இரண்டு ஆய்தம் போட்டுவிட்டு நகருங்கள்: ‘ஃஃ ரயில் எத்தனை மணிக்கு’. இன்றைய தமிழ் உரைநடையில் எந்தச் சொல்லிலும் இரண்டு ஆய்தம் அடுத்தடுத்து வராது. கடைசியில் ‘ஃஃ’ என்று தேடினால் எல்லா ஓட்டையும் வரிசையாக வந்து நிற்கும்.

பின்னால் போகக் கூடாது என்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு: கதை சொல்கிறவர் மாறுவது. ‘நான்’ என்று தொடங்கியதை ‘அவள்’ என்று மாற்றியாக வேண்டும் எனத் தோன்றினால் அது உண்மையான சிக்கல், தள்ளிப்போட முடியாது. ஏனென்றால் தமிழில் அது ‘நான்’ செய்வதைச் சொல்லும் வினைமுற்று ஒவ்வொன்றையும் தொடும். ‘போனேன், பார்த்தேன், சொன்னேன்’ எல்லாம் ‘போனாள், பார்த்தாள், சொன்னாள்’ ஆக வேண்டும். கணினியிடம் ‘என்’ என்பதை ‘அவள்’ என்று மாற்றச் சொன்னால் ‘என்று’ என்பது ‘அவள்று’ ஆகும், ‘என்ன’ என்பது ‘அவள்ன’ ஆகும், பிரதியே குட்டிச்சுவர். அதோடு, ‘நான்’ சொல்லும்போது மற்றவர் மனதுக்குள் போக முடியாது. ‘அவள்’ என்று வைத்தால் போகலாமா கூடாதா என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

அப்போதும் முதல் அத்தியாயத்தைத் தொடாதீர்கள். அதைப் பதினோரு தடவை தேய்த்தாயிற்று, அதன் ஓசை இனி உங்கள் காதில் விழாது. 12ஆம் அத்தியாயத்தில் 800 சொல் அளவுக்கு ஒரு காட்சியை எடுங்கள். பழையதை ஒட்டி மாற்றாமல், படித்து மூடிவிட்டு, வெற்றுப் பக்கத்தில் ‘அவள்’ என்று புதிதாக அடியுங்கள். நன்றாக வந்தால் 13, 14 இரண்டையும் ‘அவள்’ என்றே எழுதிப் பாருங்கள். இரண்டும் ஓடினால் கடைசிவரை அப்படியே போங்கள். முதல் 12 அத்தியாயம் ‘நான்’ என்றே கிடக்கட்டும், பிரதி முடிந்தபின் மாற்றலாம். 14இல் திணறினால் ‘நான்’தான் சரி, திரும்பிவிடுங்கள். இந்தப் பரிசோதனைக்கு ஐந்து வாரம் போதும். பாத்திரத்தின் பெயரை மாற்றுவது, ஊரை மாற்றுவது, தொடக்க வாக்கியம் பிடிக்காதது எல்லாம் இந்த விலக்கில் சேராது. பெயரை இன்றிலிருந்து மாற்றி எழுதிவிட்டு நோட்டில் குறித்தால் முடிந்தது.

இப்போது முன்பணக்காரர்.

முடியாத நாவலுக்கு விலை சொல்கிறாரே, எதை வைத்துச் சொன்னார்? எத்தனை பக்கம் வரும் என்று உங்களுக்கே தெரியாது. பக்கம் தெரியாமல் காகிதமோ பக்க வடிவமைப்போ மெய்ப்புத் திருத்தும் கூலியோ கணக்கிட முடியாது. அவர் உங்கள் ஆசைக்கு விலை போட்டிருக்கிறார். முறையான பதிப்பகம் முழுப் பிரதியைப் படிக்கும், பிடித்தால் தன் செலவில் போடும், உங்களுக்கு ராயல்டி தரும். பணம் உங்கள் பையிலிருந்து போகிறது என்றால் நீங்கள் வாடிக்கையாளர். அவருக்கு வருமானம் உங்களிடமிருந்தே வந்துவிட்டது. புத்தகம் விற்றால் என்ன, விற்காவிட்டால் என்ன?

‘ஆள் வைத்து முடித்து’ என்பது அதைவிட மோசம். அந்த ஆள் இன்றைக்குச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளாகவே இருக்கலாம். பதிப்பக ஒப்பந்தங்களில் ‘இது முழுக்க என் சொந்தப் படைப்பு’ என்று ஆசிரியர் உறுதி கொடுக்கும் பிரிவு வழக்கமாக இருக்கும். கையெழுத்து உங்களுடையது, தரகருடையது இல்லை. எழுதியவரே புத்தகம் வெளியிட்டுக்கொள்ளும் அமேசானின் கேடிபி தளம் 2023 செப்டம்பரிலிருந்து, இயந்திரம் உருவாக்கிய பகுதி இருந்தால் சொல்லியாக வேண்டும் என்கிறது. மறைத்தால் மாட்டுவது உங்கள் கணக்கு.

சொந்தச் செலவில் புத்தகம் போடுவது குற்றமில்லை. முடித்தபின், வெளியீட்டுக் கணக்கு உங்கள் பெயரில், கோப்பு உங்கள் கையில் என்றால் தாராளமாகச் செய்யலாம். தரகர்கள் கைவைப்பது இந்த இரண்டிலும்தான். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னைத் தங்கள் நிறுவனத்தின் பெயரில் வாங்குவார்கள். சில நாடுகளில் இலவசமாகக் கிடைக்கும் எண்ணுக்கும் பணம் வாங்குவார்கள். அந்த எண் யார் பெயரில் இருக்கிறதோ அவரே பதிவேட்டில் பதிப்பாளர். நாளைக்கு நீங்கள் வேறு இடத்தில் மறுபதிப்புப் போட்டால் வேறு எண் வாங்க வேண்டும். அச்சுக்குப் போன பிடிஎப் கோப்பையும், திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கேட்டால் ‘அது கொடுக்கிற வழக்கமில்லை’ என்பார்கள். இரண்டாம் அச்சுக்கு மறுபடி அவரிடமே போக வைக்கும் சூழ்ச்சி அது. ‘உலகம் முழுதும் கிடைக்கும்’ என்றால் பல நேரம் ஒரு இணையக் கடையில் பட்டியலில் இருக்கும், அவ்வளவே. சினிமாவுக்குக் கதையைக் காட்டுகிறேன் என்று இன்னொரு கட்டணம் கேட்பவரும் உண்டு. திரை உரிமைக்குப் பணம் கொடுக்க வேண்டியவர் வாங்குகிறவர்.

ஒப்பந்தத்தில் ‘எல்லா வடிவங்களிலும், எல்லா மொழிகளிலும், பதிப்புரிமைக் காலம் முழுதும்’ என்று உரிமை முழுவதையும் எழுதி வாங்கும் தொடர் கண்ணில் பட்டால் அங்கேயே மூடி வையுங்கள். இதையெல்லாம் கண்காணிக்க வேண்டிய எழுத்தாளர் அமைப்புகள் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை எளிய தமிழில் போட்டிருந்தால் இந்தப் பதில் பாதி நீளத்தில் முடிந்திருக்கும்.

அவருக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள், தொலைபேசியில் பேசாதீர்கள்: ‘பிரதி இன்னும் முடியவில்லை. முடிந்தபின் பார்க்கலாம். மாதிரிக்கு அனுப்பிய அத்தியாயங்களை அழித்துவிட்டதாகப் பதில் தாருங்கள். என் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் எங்கும் வெளியிடக் கூடாது.’ மாதிரி எதுவும் அனுப்பவில்லை என்றால் முதல் இரண்டு வாக்கியம் போதும். ‘சலுகை இந்த மாதக் கடைசிவரைதான்’ என்று பதில் வரும். அதற்குப் பதில் போட வேண்டியதில்லை.